மூலநிரலிலிருந்து நிறுவிய மாஸ்டடானை 4.2-இலிருந்து 4.3-க்கு உயர்த்துவது எப்படி? நடுவழியில் திரும்பி வர முடியுமா?

உங்கள் நிலைமையை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். உபுண்டு 20.04 ஓடுகிற, 2 ஜிபி நினைவகம் கொண்ட வாடகை வழங்கி ஒன்றில் மாஸ்டடான் என்னும் சமூக வலைத்தள மென்பொருளின் 4.2.10 பதிப்பை மூலநிரலிலிருந்து நிறுவி நடத்திவருகிறீர்கள். 4.3-க்கு உயர்த்தலாம் என்று நிரல் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட் கருவியில், புதிய நிரலை இழுக்கும் ‘கிட் புல்’ கட்டளையைக் கொடுத்தீர்கள். நீங்கள் எந்தக் கிளையிலும் இல்லை என்று சொல்லிக் கிட் மறுத்தது. எழுத்து வரம்பைக் கூட்டுவதற்காக நீங்கள் திருத்தி வைத்திருந்த கோப்பை ‘ஸ்டாஷ்’ செய்து, அதாவது தற்காலிகமாக ஒதுக்கி வைத்துவிட்டு, மெயின் கிளைக்கு மாறி மறுபடி இழுத்தீர்கள். அடுத்து, மாஸ்டடானுக்கு வேண்டிய ரூபித் தொகுப்புகளை நிறுவும் பண்ட்லரை ஓட்டியதும், கேட்கப்படும் ரூபி மொழிப் பதிப்பு நிறுவப்படவில்லை என்று, ரூபி பதிப்புகளை நிர்வகிக்கும் ஆர்பிஎன்வி நின்றுவிட்டது. அதோடு கையை எடுத்துவிட்டீர்கள். தளம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது என்ன செய்வது, 4.3-க்குச் சரியான வழி எது, ஏதேனும் உடைந்தால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா, பேசாமல், மென்பொருளைக் கட்டிமுடித்த படிமமாகத் தரும் டாக்கருக்கு மாறிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உடனடியாகச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தரவுத்தளத்தை நீங்கள் இன்னும் தொடவில்லை என்பதால் எதுவும் கெட்டுப்போகவில்லை. ஆனால் தளம் ஓடிக்கொண்டிருப்பதை நம்பி அப்படியே விட்டுவிடாதீர்கள். இப்போது ஓடுவது, பக்கங்களை வழங்கும் பூமாவும் பின்னணி வேலைகளைச் செய்யும் சைட்கிக்கும் கடைசியாகத் தொடங்கியபோது நினைவகத்தில் ஏற்றிக்கொண்ட பழைய நிரல்தான். வட்டில் இருப்பதோ வேறு நிரல். மாஸ்டடான் தருகிற, சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்-டிக்கான கோப்புகளில், சேவை விழுந்தால் தானே மறுபடி எழுப்பும்படி எழுதியிருக்கிறது. இன்றிரவு நினைவகம் போதாமல் சைட்கிக் விழுந்தாலோ, வாடகை நிறுவனம் இயந்திரத்தை மறுதொடக்கம் செய்தாலோ, சேவை வட்டில் இருக்கும் நிரலை எடுத்துக்கொண்டு எழ முயலும். நீங்கள் பார்த்த அதே ரூபிப் பிழையோடு விழுந்து கிடக்கும். ஆகவே இதைப் படித்து முடிக்கும் முன்பே 4.2.10 என்ற டேகுக்கு (ஒரு வெளியீட்டைக் குறிக்கும் நிலையான பெயர்) திரும்பி, ஸ்டாஷ் செய்த திருத்தத்தை மீண்டும் எடுத்து வைத்துவிடுங்கள். இரவில் மாஸ்டடானின் கட்டளைக் கருவியான தூட்கண்ட்ரோலை ஓட்டிப் பழைய படங்களை நீக்கும் கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானே ஓடும் வேலை) வைத்திருந்தால், அதுவும் இந்த ஒரு மாற்றத்தோடு சரியாகிவிடும். வெளியே தளம் நன்றாக இருக்க, உள்ளே கிரான் வேலை மட்டும் நாள்கணக்கில் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கிட் உங்களை மறுத்ததற்குக் காரணம் இதுதான். நிறுவல் வழிகாட்டியைப் பின்பற்றினால் நாம் ஒரு வெளியீட்டு டேகின் மேல்தான் நிற்போம், கிளையின் மேல் அல்ல. டேக் நகராது, ஆகவே இழுப்பதற்கு ஒன்றுமில்லை. மெயின் என்பது அடுத்த வெளியீட்டுக்கான வேலை நடக்கும் இடம். அங்கிருக்கும் தரவுத்தள மாற்றங்கள் எந்த வெளியீட்டிலும் இன்னும் இடம்பெறாதவையாக இருக்கலாம். அவற்றை ஓட்டிவிட்டால் நிலையான பதிப்புக்குத் திரும்புவது மிகவும் கடினம். ரூபி இல்லை என்று வந்த அந்தப் பிழைதான் உங்களைக் காப்பாற்றியது. உயர்த்தும்போது சரியான முறை, புதிய டேகுகளை மட்டும் தருவித்துக்கொண்டு, வேண்டிய டேகுக்குப் பெயர் சொல்லி மாறுவது. கட்டளைகளின் துல்லியமான வடிவம் ஒவ்வொரு வெளியீட்டுக் குறிப்பிலும் வரிசையாகத் தரப்பட்டிருக்கிறது. அவற்றை அங்கிருந்தே நகலெடுங்கள். அந்த வரிசை ஏன் அப்படி இருக்கிறது, எங்கே நின்று யோசிக்க வேண்டும் என்பதைத்தான் நான் இங்கே விளக்குகிறேன்.

மூலநிரல் நிறுவல் என்றால் பலரும் நிரலை மட்டுமே நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய பல அடுக்குகளை நீங்கள் கையில் ஏந்திக்கொண்டிருக்கிறீர்கள். அடியில் இயங்குதளமும் அதன் சி நூலகங்களும்; அதன்மேல் நீங்களே தொகுத்த ரூபி; அதன்மேல் ஜெம்கள் எனப்படும் ரூபித் தொகுப்புகள், அவற்றில் சில உங்கள் இயந்திரத்தின் சி நூலகங்களோடு பிணைத்துத் தொகுக்கப்பட்டவை; பக்கத்தில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடும், அது கட்டித் தரும் இணையப் பக்கக் கோப்புகளும்; இவை எல்லாவற்றுக்கும் பின்னால் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ். இவற்றில் போஸ்ட்கிரெஸைத் தவிர மற்ற அனைத்தையும் எத்தனை முறை வேண்டுமானாலும் கலைத்துக் கட்டலாம். கெட்டுப்போன ரூபியை நீக்கிவிட்டு மறுபடி தொகுத்தால் நேரம்தான் போகும். தரவுத்தளம் அப்படியல்ல. ‘திரும்பி வர முடியுமா’ என்ற உங்கள் கேள்விக்கு விடை முழுக்க அங்கேதான் இருக்கிறது, ஆகவே அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மாஸ்டடானின் பெரிய வெளியீடுகளில் தரவுத்தள அமைப்பை மாற்றும் மைக்ரேஷன் இரண்டு தவணையாக வருகிறது. முதல் தவணை, புதிய நிரலைத் தொடங்குவதற்கு முன் ஓட்ட வேண்டியது. புதிய அட்டவணை, புதிய நெடுவரிசை, தேடலை விரைவாக்கும் புதிய இன்டெக்ஸ் என்று சேர்ப்பு வேலைகளே பெரும்பாலும் இதில் இருக்கும். பழைய நிரலுக்கு அந்தப் புதிய நெடுவரிசை இருப்பதே தெரியாது. தெரியாததால் தொந்தரவும் இல்லை. இரண்டாம் தவணை, புதிய நிரல் எழுந்து ஓடத் தொடங்கிய பிறகு ஓட்ட வேண்டியது; இனி யாரும் படிக்காத நெடுவரிசைகளை நீக்குவது, பழைய தரவைப் புதிய வடிவத்துக்கு மாற்றி முடிப்பது போன்றவை இதில் வரும். முதல் தவணையை ஓட்டும்போது, பிந்தைய மைக்ரேஷன்களைத் தவிர்க்கச் சொல்லும் ஒரு சூழல் மாறியைக் கட்டளைக்கு முன்னால் வைக்கச் சொல்வது இதற்காகத்தான். அந்த மாறியை மறந்துவிட்டு மைக்ரேஷன் கட்டளையை வெறுமனே கொடுத்தால் இரண்டு தவணையும் ஒரே மூச்சில் ஓடிவிடும். தளத்தை முழுக்க நிறுத்திவிட்டுச் செய்பவர்களுக்கு இதனால் பிழை எதுவும் வராது. ஆனால் திரும்பி வரும் வழி அந்த நொடியிலேயே அடைபட்டுவிடும்.

ஆக, முதல் தவணை முடிந்து புதிய நிரல் எழும்போது ஏதேனும் கோளாறு தெரிந்தால், பழைய டேகுக்கு மாறி, பழைய ஜெம்களோடு சேவைகளைத் தொடங்கினால் பெரும்பாலும் எழுந்துவிடும். இரண்டாம் தவணையும் முடிந்துவிட்டால் பழைய நிரல், இல்லாத நெடுவரிசையைத் தேடி உடையும். அதற்குமேல் இருப்பது ஒரே வழி: உயர்த்துவதற்கு முன் எடுத்த காப்புநகலை மீட்டெடுப்பது. அப்படி மீட்டால் இடைப்பட்ட நேரத்தில் உங்கள் பயனர்கள் எழுதியவை உங்கள் தரவுத்தளத்திலிருந்து மறைந்துவிடும். ஆனால் அவை ஏற்கெனவே பிற வழங்கிகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். தன் பதிவு ஊரெல்லாம் இருக்க, தன் வீட்டில் மட்டும் இல்லை என்று பயனர் வந்து கேட்டால் சொல்லப் பதில் இருக்காது. இதனால் நான் முதல் தவணைக்கும் இரண்டாம் தவணைக்கும் இடையே சில மணி நேரமாவது, சிறிய தளமானால் ஓர் இரவு முழுவதும் விட்டு வைப்பேன். உள்நுழைதல், படம் ஏற்றுதல், வெளி வழங்கியிலிருந்து பதிவு வருதல், வெளியே போதல், மின்னஞ்சல் என இவை எல்லாம் ஒரு சுற்று பார்த்த பிறகே இரண்டாவதை ஓட்டுவேன். ஆனால் அதை மறந்தே விட்டுவிடக் கூடாது. அடுத்த உயர்த்தலுக்கு முன் அது முடிந்திருக்க வேண்டும்.

காப்புநகல் பற்றிப் பேசும்போது எல்லோரும் தரவுத்தளத்தைத்தான் சொல்வார்கள். அது வேண்டும்தான், போஸ்ட்கிரெஸின் டம்ப் கருவியில் ‘கஸ்டம்’ வடிவத்தில் எடுத்தால் அளவும் சுருங்கும், மீட்கும்போது பல வேலைகளாகப் பிரித்து இணையாக ஏற்றவும் முடியும். எடுத்த நகலை அதே இயந்திரத்தில் வைத்திருப்பது நகலே அல்ல. படங்கள் இருக்கும் அடைவையும் ஒரு பிரதி எடுங்கள். தற்காலிகத் தரவை வைக்கும் ரெடிஸில் இருப்பவை காத்திருக்கும் வேலைகளும், பயனர்களின் முகப்பு ஓடைகளும்; ஓடைகளைத் தூட்கண்ட்ரோல் மறுபடி கட்டித் தரும் என்பதால் ரெடிஸ் போனால் வருத்தமே தவிரப் பேரிழப்பு இல்லை. தேடலுக்காக எலாஸ்டிக்சர்ச் வைத்திருந்தால் அதையும் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் யாரும் நினைவில் வைக்காத ஒரு சிறு கோப்பு இருக்கிறது: மாஸ்டடான் அடைவுக்குள் புள்ளியில் தொடங்கும் பெயரோடு, பட்டியலிட்டால் கண்ணில் படாமல் இருக்கும் அந்த உற்பத்திச் சூழல் கோப்பு. இரகசியத் திறவுகோல்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. தரவுத்தளத்தின் முழு நகலும் கையில் இருந்து இந்தக் கோப்பு மட்டும் இல்லையென்றால், இரட்டைச் சரிபார்ப்பு வைத்திருக்கும் பயனர்கள் உள்ளே வர முடியாது.

4.3-இல் இந்தக் கோப்பின் கனம் இன்னும் கூடியிருக்கிறது. மாஸ்டடான் எழுதப்பட்டிருக்கும் ரெயில்ஸ் கட்டமைப்பின் தரவு மறையாக்க வசதிக்காக மூன்று புதிய திறவுகோல்களை 4.3 கட்டாயமாகக் கேட்கிறது. முதன்மைத் திறவுகோல் ஒன்று, ஒரே உள்ளீட்டுக்கு ஒரே விளைவு தரும் மறையாக்கத்துக்கான திறவுகோல் ஒன்று, திறவுகோலை வருவிக்கப் பயன்படும் ‘சால்ட்’ என்ற தற்போக்குச் சரம் ஒன்று. இவற்றை உருவாக்கித் தரும் கட்டளை மாஸ்டடானிலேயே இருக்கிறது. அதை ஒரே ஒரு முறை ஓட்டி, வருகிற மூன்று வரிகளையும் சூழல் கோப்பில் ஒட்ட வேண்டும். ஒட்டாமல் தொடங்கினால் நிரல் எழாது, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். அது நல்ல வழக்கம்தான். அபாயம் வேறு இடத்தில் இருக்கிறது. இரட்டைச் சரிபார்ப்பின் இரகசியங்கள் இந்தத் திறவுகோல்களைக் கொண்டு மறையாக்கப்பட்ட வடிவத்துக்கு மாற்றப்படுகின்றன. ஒரு வாரம் கழித்து ஏதோ குழப்பத்தில் அதே கட்டளையை மறுபடி ஓட்டி, புதிய மூன்றை ஒட்டிவிட்டால், முன்பு மறையாக்கியவற்றைப் பிரிக்க யாராலும் முடியாது. ஆகவே ஒட்டிய கையோடு இந்தக் கோப்பை இயந்திரத்துக்கு வெளியே, உங்கள் கடவுச்சொற்களை வைத்திருக்கும் இடத்தில் ஒரு பிரதி வைத்துவிடுங்கள். பழைய இரகசியங்களின் வரிகளையும் அழிக்காதீர்கள்.

இனி இயங்குதளம். உபுண்டு 20.04-இன் வழக்கமான ஆதரவுக் காலம் 2025-இல் முடிந்துவிட்டது. அதில் 4.3-ஐ எழுப்பவே முடியாது என்று சொல்ல மாட்டேன்: ரூபியை எப்படியும் நீங்கள்தான் தொகுக்கப் போகிறீர்கள், 20.04-உடன் வரும் போஸ்ட்கிரெஸ் 12-ஐ 4.3 ஏற்றுக்கொள்கிறது. ஆனால் படங்களைக் கையாள இமேஜ்மேஜிக்குக்குப் பதிலாக லிப்விப்ஸைப் பயன்படுத்தும் வசதி 4.3-இல் வந்திருக்கிறது, அதற்கு லிப்விப்ஸ் 8.13 வேண்டும். 22.04-இல்கூட 8.12 தான் கிடைக்கிறது, 24.04-இலும் டெபியன் 12-இலும் பிரச்சினையில்லை. லிப்விப்ஸ் நினைவகத்தைக் குறைவாகவே எடுத்துக்கொள்ளும் என்பதால் 2 ஜிபி இயந்திரத்துக்கு அது பெரிய உதவி.

இருக்கும் இயந்திரத்திலேயே 20.04-ஐ 22.04-ஆக்கி, அதை 24.04-ஆக்குவதைவிட, 24.04 போட்ட புதிய இயந்திரம் ஒன்றை ஒரு மாதத்துக்கு வாடகைக்கு எடுத்து அங்கே குடிபெயர்வதையே நான் பரிந்துரைப்பேன். பழைய இயந்திரத்திலேயே உயர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு காட்சி. உயர்த்தல் எல்லாம் பிழையில்லாமல் முடிந்து, இயந்திரம் மறுபடி எழுந்து, எஸ்எஸ்ஹெச்சில் உள்ளே போய்ப் பார்த்தால் மாஸ்டடான் சேவைகள் மூன்றில் இரண்டு விழுந்து கிடக்கும். பதிவேட்டைத் திறந்தால், எழுத்துகளைக் கையாளும் லிப்ஐசியூ நூலகத்தின் 66-ஆம் பதிப்புக் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடியிருக்கும். எழுத்துக் குறியாக்கத்தைக் கண்டறியும் ‘சார்லாக் ஹோம்ஸ்’ என்ற ஜெம், 20.04-இல் இருந்த லிப்ஐசியூ 66-உடன் பிணைத்துத் தொகுக்கப்பட்டது. 22.04-இல் இருப்பது 70, 24.04-இல் இருப்பது 74. ஜெம் தேடுகிற கோப்பு இப்போது வட்டில் இல்லை. பண்ட்லரைக் கேட்டாலோ எல்லா ஜெம்களும் சரியாக இருக்கின்றன என்று சத்தியம் செய்யும், ஏனென்றால் அது பதிப்பு எண்ணை மட்டுமே பார்க்கிறது. அந்த ஜெம்மைப் ‘பிரிஸ்டின்’ கட்டளையால் மறுபடி தொகுக்கச் சொன்னால் சரியாகிவிடும்; முதல் முறை இதைப் பார்ப்பவருக்கு அதைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் போகும், அதுவும் தளம் படுத்திருக்கும் ஒரு மணி நேரம்.

புதிய இயந்திரத்தைச் சொல்வதற்கு இன்னொரு ஆழமான காரணமும் உண்டு. எழுத்துச் சரங்களை எந்த வரிசையில் அடுக்குவது என்பதைப் போஸ்ட்கிரெஸ் வழக்கமாக இயங்குதளத்தின் ஜிலிப்சி நூலகத்திடம்தான் கேட்டுக்கொள்கிறது. 2018-இல் வந்த ஜிலிப்சி 2.28-இல் அந்த அடுக்கு விதிகள் பெருமளவில் மாறின. பழைய விதியில் அடுக்கிய இன்டெக்ஸை வைத்துக்கொண்டு புதிய விதியில் தேடினால், இருக்கும் வரி கண்ணில் படாது. இல்லையென்று நினைத்து அதே கணக்கை இன்னொரு முறை எழுதிவிடும். ஒரே மதிப்பு இருமுறை வரக் கூடாது என்ற ஒருமைக் கட்டுப்பாடு இருந்தும் இரட்டை வரிகள் உருவாவது இப்படித்தான். மாஸ்டடான் வழங்கிகள் பலவற்றில் இது நடந்ததால்தான், இரட்டைகளைச் சேர்த்து ஒன்றாக்கும் தனிக் கட்டளையே தூட்கண்ட்ரோலில் சேர்க்கப்பட்டது. 20.04-இல் இருப்பது 2.31 என்பதால், உங்கள் தளம் 20.04-இலேயே பிறந்திருந்தால் இந்தக் கவலை இல்லை. 18.04-இல் பிறந்து அங்கிருந்து உயர்த்தப்பட்டு வந்திருந்தால், போஸ்ட்கிரெஸின் ஆம்செக் நீட்சியைக் கொண்டு இன்டெக்ஸ்களை இப்போதே சோதித்துப் பாருங்கள். இரட்டைகள் இருந்தால் முதலில் அவற்றைச் சரிசெய்யுங்கள். டம்ப் எடுத்துப் புதிய இடத்தில் மீட்டெடுக்கும்போது எல்லா இன்டெக்ஸ்களும் புதிய விதியில் புதிதாகக் கட்டப்படும். இரட்டை வரி ஏதேனும் ஒளிந்திருந்தால் ஒருமை இன்டெக்ஸ் கட்டும் இடத்தில் மீட்டெடுப்பு பிழை சொல்லிக் காட்டிக்கொடுத்துவிடும்.

குடிபெயர்வதையும் 4.3-க்குப் போவதையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். முதலில் 4.2.10-ஆகவே புதிய இயந்திரத்துக்குப் போங்கள். சில நாள் ஓடட்டும். படங்களின் அடைவை, பழைய தளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு முறை ஆர்சிங்கில் நகலெடுத்துவிட்டு, சேவைகளை நிறுத்திக் கடைசி டம்ப் எடுக்கும் நேரத்தில் மறுபடி ஒரு முறை ஓட்டினால், இரண்டாவது ஓட்டத்தில் புதிதாக வந்தவை மட்டுமே போகும். தளத்தின் பெயர் எக்காரணம் கொண்டும் மாறக் கூடாது. பிற வழங்கிகளுக்கு உங்கள் பயனர்களின் அடையாளமே அந்தப் பெயர்தான். இன்னொரு சிறு பள்ளம்: உபுண்டு 21.04 முதல், புதிதாக உருவாக்கும் பயனரின் வீட்டு அடைவுக்குள் மற்றவர் நுழைய முடியாதபடி அனுமதி வைக்கப்படுகிறது. மாஸ்டடான் அந்த வீட்டுக்குள்தான் இருக்கிறது. கோப்புகளை வெளியே தரும் என்ஜின்எக்ஸோ வேறு பயனராக ஓடுகிறது. பக்கம் வரும், ஆனால் படமும் அலங்காரமும் இல்லாமல் வெறும் எலும்பாக வரும்; கோப்புகள் ஒவ்வொன்றுக்கும் 403, அதாவது அனுமதி மறுப்பு. வீட்டு அடைவுக்கு மற்றவர் கடந்து செல்லும் அனுமதியை மட்டும் கொடுத்தால் போதும், படிக்கும் அனுமதி வேண்டாம்.

தளம் நிறுத்தி வைக்கப்படும் சில மணி நேரத்தில் வெளியிலிருந்து வரும் பதிவுகள் தொலைந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். அனுப்பும் வழங்கியின் சைட்கிக், தோற்ற அனுப்புதலை இடைவெளியை நீட்டி நீட்டி மறுபடி முயன்றுகொண்டே இருக்கும். ஏழு வெவ்வேறு நாள்களில் தொடர்ந்து தோற்றால்தான் மாஸ்டடான் ஒரு வழங்கியைக் கிடைக்காதது என்று குறித்துவைக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நிறுத்தி வைத்தாலும் குடிமுழுகிப் போகாது.

அடுத்து ஒத்திகை. குடிபெயர்ந்த பின் பழைய இயந்திரம் வாடகைக் காலம் முடியும் வரை சும்மாதானே இருக்கும். அதிலோ, சில மணி நேரத்துக்கு எடுத்த இன்னொரு இயந்திரத்திலோ, உண்மையான தரவுத்தள நகலை ஏற்றி 4.3-க்கு உயர்த்திப் பாருங்கள். மைக்ரேஷன் எத்தனை நிமிடம் எடுக்கிறது என்பது அங்கேதான் தெரியும். ஒரு விஷயத்தில் மட்டும் மிகுந்த கவனம் தேவை: ஒத்திகை இயந்திரத்தில் சைட்கிக்கை எழுப்பவே கூடாது, வெளியே செல்லும் இணைப்புகளையும் மின்னஞ்சலையும் தடுத்துவிட வேண்டும். அந்த நகலிடம் உங்கள் தளத்தின் பெயரும் இருக்கிறது, ஒவ்வொரு பயனரின் கையொப்பத் திறவுகோலும் இருக்கிறது. அது வாய் திறந்தால் உலகம் அதை உங்கள் தளம் என்றே நம்பும்.

கட்டும் வேலையில் முதலில் ரூபி. 4.3.0 குறிப்பது 3.3.5, குறைந்தபட்சம் 3.1 வேண்டும். ஆர்பிஎன்வியின் ரூபி-பில்ட் செருகியை முதலில் புதுப்பிக்காவிட்டால் அப்படி ஒரு பதிப்பே இல்லை என்று சொல்லும், ஏனென்றால் பதிப்புகளின் பட்டியல் அந்தச் செருகிக்குள்தான் இருக்கிறது. தொகுக்கும்போது நினைவகத்தை ஒதுக்கித் தரும் ஜெமாலக்கைச் சேர்க்கும் விருப்பத்தை விட்டுவிடாதீர்கள். சைட்கிக் நாள்கணக்கில் ஓடும்போது நினைவகம் ஊதிப் பெருகுவதை அது நன்றாகவே கட்டுப்படுத்துகிறது. ரூபியை நிறுவுவதால் ஓடும் தளத்துக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. முந்தைய நாளே செய்து வைக்கலாம்.

நோட் 18 அல்லது அதற்கு மேல் வேண்டும். 4.3-இல், நோடின் தொகுதிகளை நிறுவும் யார்ன் முதலாம் பதிப்பிலிருந்து நான்காம் பதிப்புக்குத் தாவியிருக்கிறது. கோர்பேக்கை ஒரு முறை இயக்கிவிட்டால் சரியான யார்னை அதுவே கொண்டுவரும். பழைய யார்னை ஆப்ட் வழியாக நிறுவியிருந்தால் அதை நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் எந்த யார்ன் ஓடுகிறது என்பதிலேயே குழப்பம் வரும்.

பிறகு இணையப் பக்கக் கோப்புகளைக் கட்டும் கட்டம். 2 ஜிபி இயந்திரத்தில் உங்களைக் கவிழ்க்கக்கூடியது இதுதான். நான் முதல் முறை இதே அளவு இயந்திரத்தில் கட்டியபோது, சில நிமிடம் எந்த அசைவும் இல்லாமல் இருந்துவிட்டு, முனையத்தில் ‘கில்டு’ என்ற ஒற்றைச் சொல் மட்டும் வந்து விழுந்தது. காரணமும் இல்லை, வரி எண்ணும் இல்லை. என் கட்டமைப்பில் தப்பு என்று எண்ணி, நோட் பதிப்பை மாற்றி, தொகுதிகளை அழித்து மறுபடி நிறுவி, இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தேன். கெர்னலின் பதிவேட்டைப் பார்க்கத் தோன்றியது அதன் பிறகுதான். நினைவகம் தீர்ந்ததால் நோடைக் கொன்றதாக அதில் தெளிவாக எழுதியிருந்தது. அந்த இரவு கெர்னல் தேர்ந்தெடுத்தது நோடை; போஸ்ட்கிரெஸைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் கேட்க ஆளில்லை. இப்போதெல்லாம் கட்டுவதற்கு முன் வட்டையே நினைவகம்போலப் பயன்படுத்தும் 4 ஜிபி ஸ்வாப் கோப்பு ஒன்றைச் சேர்த்துவிட்டு, சைட்கிக்கையும் நிறுத்திவிட்டுத்தான் தொடங்குகிறேன். மெதுவாக நடக்கும், ஆனால் முடியும்.

இந்தக் கட்டங்களையெல்லாம் ஓடும் அடைவிலேயே செய்யாமல், பக்கத்தில் இன்னொரு அடைவில் செய்வது என் பழக்கம். 4.3-க்கான நகலைத் தனி அடைவில் எடுத்து, அங்கே ஜெம்களையும் கோப்புகளையும் கட்டி முடித்து, படங்களின் அடைவைப் பொது இடத்துக்குச் சுட்டும் குறியிணைப்பாக வைத்துவிட்டு, சேவைகள் எதிர்பார்க்கும் ‘லைவ்’ என்ற பெயரையே குறியிணைப்பாக்கிவிட்டால், மாறும் நேரத்தில் செய்ய வேண்டியது அந்த இணைப்பைத் திருப்புவது மட்டும்தான். பழைய நிரல் அதன் ஜெம்களோடு தொடாமல் அப்படியே இருக்கும். திரும்ப வேண்டுமென்றால் இணைப்பை மறுபடி திருப்பினால் போதும். தொடக்கத்தில் நான் எச்சரித்த, வட்டில் ஒன்று நினைவகத்தில் ஒன்று என்ற ஆபத்தும் இதில் இல்லை.

மாற்றும் நாளில் வரிசை இதுதான்: சைட்கிக்கை நிறுத்துங்கள், டம்ப் எடுங்கள், மூன்று புதிய திறவுகோல்கள் சூழல் கோப்பில் இருப்பதைக் கண்ணால் பாருங்கள், முதல் தவணை மைக்ரேஷனை ஓட்டுங்கள், இணைப்பைத் திருப்புங்கள், மூன்று சேவைகளையும் மறுதொடக்கம் செய்யுங்கள். ‘ரீலோட்’ போதாது, அது பூமாவின் தொழிலாளிகளை மட்டும் ஒவ்வொன்றாக மாற்றும், தலைமைச் செயலி பழைய ரூபியிலேயே நிற்கும். ஸ்ட்ரீமிங் சேவையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது நோடில் ஓடும் தனி நிரல், அதற்கும் புதிய நிரல் வேண்டும். இத்தோடு, மாஸ்டடானின் ‘டிஸ்ட்’ அடைவில் இருக்கும் சிஸ்டம்-டி, என்ஜின்எக்ஸ் மாதிரிக் கோப்புகளை 4.2.10-க்கும் 4.3-க்கும் இடையே ஒப்பிட்டுப் பார்த்து, மாறியவற்றை உங்கள் கோப்புகளில் கையால் சேருங்கள். நிறுவிய நாளில் கட்டமைப்புக் கோப்புகள் இருக்கும் எட்சி அடைவுக்கு நகலெடுத்த பிறகு அவற்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. டேக் மாறினாலும் அவை தானாக மாறுவதில்லை.

எழுத்து வரம்புத் திருத்தத்தை ஸ்டாஷில் வைத்திருப்பது நல்லதல்ல. உங்கள் சொந்தக் கிளை ஒன்றில் அதை ஒரு கமிட்டாக வையுங்கள். ஒவ்வொரு முறையும் அந்த ஒரு கமிட்டைப் புதிய டேகின் மேல் எடுத்து வைத்தால் போதும். மோதல் வந்தால் அங்கே ஏதோ மாறியிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். திருத்தங்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு வேகமாக நீங்கள் பாதுகாப்பு வெளியீடுகளைப் பின்பற்ற முடியும். மாஸ்டடானில் அந்த வேகம் தேவைப்பட்ட நாள்கள் உண்டு. 2023 ஜூலையில் 4.1.3 அடைத்த ஓட்டை, தந்திரமாக உருவாக்கிய ஊடகக் கோப்பு ஒன்றின் மூலம் வழங்கியில் எந்த இடத்திலும் கோப்பு எழுத வழிவிட்டது. 2024 பிப்ரவரி 1 அன்று வந்த 4.2.5, வேறொரு வழங்கியின் கணக்கைப் போல நடித்து அதைக் கைப்பற்ற இடம்கொடுத்த ஓட்டையை அடைத்தது. இப்படிப்பட்ட சிறு வெளியீடுகளில் தரவுத்தள வேலை பெரும்பாலும் இருக்காது. கிளை ஒழுங்காக இருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

டாக்கர் பற்றி: ரூபி தொகுப்பது, லிப்ஐசியூ, யார்ன், நினைவகம் தின்னும் அந்தக் கட்டுதல் ஆகிய எல்லாம் டாக்கரில் உங்களுக்கு வேலையில்லை, படிமத்தை இழுத்தால் கட்டியபடியே வரும். 2 ஜிபி இயந்திரத்துக்கு அது உண்மையான நிம்மதிதான். ஆனால் இரண்டு தவணை மைக்ரேஷன், மூன்று திறவுகோல்கள், காப்புநகல் ஆகியவை அங்கேயும் அப்படியே இருக்கின்றன. எழுத்து வரம்பு ஒன்றைத் தவிர வேறு திருத்தம் இல்லாத உங்களுக்கு, அந்தத் திருத்தத்தை விட்டுக்கொடுக்க மனமிருந்தால் மாறலாம். மனமில்லையென்றால் படிமத்தையும் நீங்களே கட்ட வேண்டியிருக்கும், அப்போது லாபம் பாதியாகிவிடும். எப்படியானாலும் 4.3-ஐ முடித்துச் சில வாரம் ஓடவிட்ட பிறகு அந்த முடிவை எடுங்கள். 4.4-க்கு ரூபி 3.2-உம், நோட் 20-உம், போஸ்ட்கிரெஸ் 13-உம் குறைந்தபட்சம் வேண்டும். 20.04-இலேயே தங்கியிருந்தால் அதன் போஸ்ட்கிரெஸ் 12 உங்களை அங்கே நிறுத்தியிருக்கும், 24.04-உடன் வருவது 16 என்பதால், குடிபெயரும் நாளிலேயே அந்த வேலையும் முடிந்திருக்கும்.